காட்டினவள்

தோமாந்துறை ஏலக்கூடத்தின் நீளச் சுவரில் எழுதிய படத்தில், தலையில் கூடையோடு ஒரு தலைமுறைக் காலம் வடக்கே பார்த்து நடந்துகொண்டிருந்த பெர்பெத்து, ஆடிக் காற்று ஓங்கியடித்த ஒரு வியாழக்கிழமை காலையில், ஏலக்காரர் முதல் சீலாமீனை வாலைப் பிடித்துத் தூக்குவதற்குச் சற்று முன்பு, ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஏலக்காரர் அதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே சீலாவுக்கு விலை கேட்டார், மூன்று தரம் சொல்லி முடித்தார், எடுத்தவன் கையில் மீனைக் கொடுத்தார், ஈரக்கையைக் கைலியில் துடைத்தார், அதன் பிறகுதான், "பெர்பெத்து திரும்பிட்டா போலிருக்கே" என்றார்.

"கழுத்து வலிச்சிருக்கும்," என்றாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. "எத்தன வருசமா ஒரே பக்கமாப் பாக்கா."

"கூடை வேற கனக்கும்லா."

"எறக்கி வைக்கலாம்லா?"

"எறக்க ஆளு வேணாமாட்டி? அந்தச் சொவத்துல எவன் கை குடுப்பான்? அவனவன் சோலியப் பாத்துட்டுல்லா நிக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு அடுத்த மீனுக்குப் போனார்கள். சுவருக்கு நேர் கீழே சாக்கு விரித்துக் கருவாடு விற்றுக்கொண்டிருந்த இன்னொரு பெர்பெத்து மட்டும் சிரிக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தன் முதுகு எப்படி இருக்கும் என்பதை மனிதர்கள் யாரும் பார்த்ததில்லை. அதை அவ்வளவு பேர் நடுவில் முதல்முறையாகப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆக, பெர்பெத்துகள் இருவர். மேலே இருந்தவளுக்கு இருபது வயது, கீழே இருந்தவளுக்கு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, மற்றபடி இருவரும் ஒருத்திதான். குழப்பம் வராமலிருக்க ஊர் மேலே இருந்தவளை 'சொவத்துப் பெர்பெத்து' என்றும், கீழே இருந்தவளை 'காட்டினவ' என்றும் சொல்லிவந்தது. முதல் பெயரில் ஒரு வாஞ்சை இருந்தது. இரண்டாவதில் இல்லை.

அந்தச் சுவரை எழுதியவர் ஹாரல் விட்காம் என்ற அமெரிக்க ஓவியர். அவருடைய தேசத்தில் வேலை கிடைக்காமல் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற முப்பதுகளில், அரசாங்கமே ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தபாலாபீஸ் சுவர்களில் படம் எழுதச் சொன்னபோது, கோதுமை அறுப்பவர்களையும் ரயில் பாதை போடுகிறவர்களையும் எழுதிப் பேர் வாங்கியவர். அங்கே ஓர் ஊரில், தபால்தலையை நக்கிக்கொண்டே சுவரைப் பார்த்த குடியானவன் ஒருவன் பசுவின் மடி தப்பான இடத்தில் இருப்பதாகச் சொல்ல, விட்காம் ஏணி போட்டு ஏறி மடியைச் சரியான இடத்துக்கு மாற்றினாராம். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் எழுதுவதில்லை என்ற வைராக்கியம் அவருக்கு அந்த மடியிலிருந்து வந்தது. வயதான காலத்தில் ஏதோ ஓர் அறக்கட்டளை அவரைக் கப்பலேற்றி அனுப்ப, அவர் தோமாந்துறைக்கு வந்து சேர்ந்தார். ஊர்க்காரர்கள் வாயில் ஹாரல் ஆரலானார். ஆரல் என்றால் மீன். பழைய அகராதிகளைப் புரட்டினால் ஆரல் என்பதற்குச் சுவர் என்றும் பொருள் இருக்கிறது. மீன் விற்கும் கூடத்தின் சுவரில் படம் எழுத வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்து வைத்திருக்க முடியாது என்பதால், தோமாந்துறைக்காரர்கள் யோசிக்காமலே வைத்துவிட்டார்கள்.

ஆரல் வந்த வருசம் ஏலக்கூடம் காலியாகக் கிடந்தது. அதனால்தான் அவருக்குச் சுவர் கிடைத்தது. வியாபாரிகள் கடலுக்குள் மீன் இருக்கும்போதே விலையை முடிவுசெய்துவிட, சேசடியான் என்ற இருபத்திரண்டு வயது வாலிபன் இனி ஒரு மீன்கூடக் கூடத்துக்குள் வராது என்று மணலில் கோடு கிழித்து நின்றான். ஊர் அவன் பின்னால் நின்றது. பிறகு வியாபாரி ஒருவரின் சரக்குக் கிட்டங்கி தீப்பிடித்தது. யார் வைத்த தீ என்று தெரியாதபோது தலைவன் வைத்த தீ என்று எழுதிக்கொள்வது போலீஸாரின் வழக்கமாதலால் அவர்கள் சேசடியானைத் தேடினார்கள். அவன் ஊருக்கு வடக்கே, சங்கையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்க்குள், நெருப்பு போடாத ஒரு குழியில் ஒளிந்திருந்தான். கோயிலில் அவனுக்கும் பெர்பெத்துவுக்கும் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை இரண்டு ஞாயிறு பூசையில் வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வாசித்தால் கல்யாணம். அந்த மூன்றாம் ஓலைக்குக் காத்திருந்த நாட்களில் பெர்பெத்து தினமும் உச்சிவேளையில், மாங்காய் போட்ட சாளைக் குழம்பையும் சோற்றையும் கூடைக்குள் வைத்துப் பனையோலைத் தட்டால் மூடி, சிப்பி பொறுக்கப் போகிறவளைப்போல ஏலக்கூடத்து ஜன்னலைக் கடந்து வடக்கே போய்வந்தாள்.

ஜன்னலுக்கு உள்ளே ஆரல் நின்றுகொண்டிருந்தார். கண்டதை எழுதுகிறவர் அவளைக் கண்டார், எழுதினார்.

அவள் அவருக்கு முன்னால் ஒரு நிமிஷம்கூட நின்றவளில்லை. ஆனால் திறப்பு விழா அன்று ஊரே திரண்டு தன் தன் முகத்தைச் சுவரில் தேடிக் கண்டுபிடித்து ஆனந்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, விருந்தாளியாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "எல்லாப் பொம்பளையும் கடல்ல இருந்து கூடத்துக்கு வாறாளுவ. இவ ஒருத்தி மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் போறா? எங்க பாக்கா?" மறுநாள் விடிகிறபோது காளவாயைச் சுற்றிப் போலீஸ் நின்றது. ஓவியம் பார்க்கத் தெரிந்த இன்ஸ்பெக்டர் அந்த ஜில்லாவில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. இருந்தும் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

ஊர் கொதித்தது. ஆரலின் ஜீப் மீது அழுகின சாளையை வாரி எறிந்தார்கள். அது வழியனுப்பும் சடங்கு என்று நினைத்த அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே போனார். சுவருக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஆனால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனவன் தன் முகத்தின் மேல் அடிக்க மனமில்லாமல் திரும்பிவந்தான், அடுத்தவன் தன் அப்பன் முகத்தின் மேல் அடிக்க மனமில்லாமல் திரும்பிவந்தான், கடைசியில் எல்லோருடைய முகமும் அதனதன் இடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோபம் மட்டும் மிச்சமிருந்தது. அதை எங்காவது வைக்க வேண்டுமே.

காட்டிக்கொடுத்தல் என்பது இரண்டு வினைகள் சேர்ந்த சொல். காட்டி என்பது எச்சம், கொடுத்தல் அதை முடிக்கும் வினை. இரண்டுக்கும் எழுவாய் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து இலக்கணம். காட்டியவன் எவனோ அவனேதான் கொடுக்கவும் வேண்டும். தோமாந்துறை இலக்கணத்தை மீறியது. அவள் காட்டினாள், ஆரல் கொடுத்தான் என்று ஒரே சொல்லை இரண்டு பேருக்குக் கூறு போட்டது. கொடுத்தவன் ஜீப்பில் போய்விட்டதால், இருந்தவள் காட்டினவள் ஆனாள். சிறையில் முழங்கால் உடைந்து திரும்பிய சேசடியானும் அவள் வீட்டு வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனான். கோயிலில் அவனுக்கு மறுபடியும் ஓலை வாசித்தார்கள். அதில் வேறு பெயர் இருந்தது: லூர்து, அவனுடைய உயிர்க் கூட்டாளி தஸ்நேவிஸின் தங்கை. பெர்பெத்து கடைசி வரிசையில் முக்காடு போட்டு முழங்காலில் நின்று மூன்று ஓலையையும் கேட்டாள்.

அப்படித்தான் அவள் அந்தச் சுவருக்குக் கீழேயே சாக்கு விரித்தாள். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த இடம் அது ஒன்றுதான்.

சொவத்துப் பெர்பெத்து திரும்பி நின்ற ஒரு வாரத்துக்குள், அவள் நெடுங்காலமாகவே அப்படித்தான் நின்றாள் என்பதுபோல ஊர் பழகிவிட்டது. முதுகைக் காட்டி நின்றதால் அவளுடைய கொண்டை முழுசாகத் தெரிந்தது. வெறும் கொண்டையைப் பார்க்கச் சகிக்காத பெண்கள் சோற்றுப் பருக்கையால் மல்லிகைச் சரத்தை ஒட்டிவைத்தார்கள். திரும்பியதற்கு என்ன காரணம் என்ற பேச்சு பிறகுதான் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் சுவர்ப்பூச்சின் சுண்ணாம்பு அந்தக் காளவாயில் சுட்டது என்பதில் ஏதோ இருப்பதாகச் சொன்னார். பட்டணத்திலிருந்து வந்த நிபுணர் பஞ்சால் ஒற்றிப் பார்த்து, சுவரில் ஏறிய ஈர ஓதம் என்றார். ஊர் இரண்டு பேருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தது. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குச் சுண்ணாம்பா காரணம், யாரோ மனசைப் புண்படுத்தியிருக்கிறார்கள் என்பது தெரியாதா?

யார் என்பதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் அது தானோ என்று பட்டது.

முதலில் வந்தவர் ஏலக்காரர். ஆட்கள் போன பிறகு சுவரருகே போய், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏ பெர்பெத்து, விதவைப் பொம்பளைக மீனை மட்டும் மூணு தரம் சொல்லாம ரெண்டு தரத்துல முடிச்சிருக்கேன். அதுக்கா திரும்பிட்ட?" என்றார். அவள் திரும்பவில்லை. அடுத்த நாள் ஐஸ்காரி வந்து தன் மாமியாரின் சங்கிலி தொலைந்த கதையைச் சொன்னாள். அதற்கடுத்து வலைக்காரன், படகுக்காரன், பஞ்சாயத்துக் கிளார்க்கு. கொஞ்ச நாளில் மத்தியானமானால் ஏலக்கூடத்தில் வரிசை நின்றது, சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டி காலியாகக் கிடந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் கடிந்துகொண்டார். பாவத்தைக் குருவானவரிடம் சொல்லாமல் மீன் நாற்றம் அடிக்கிற சுவரிடம் சொல்கிறவர்களை என்னவென்பது என்று கேட்டார். அடுத்த வாரம் அவரும் பொடிநடையாக வந்து, கூடத்தில் யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வாயைக் கையால் மறைத்தபடி சுவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

யாருமில்லை என்று அவர் உறுதிசெய்துகொண்டபோது, அவருடைய அங்கியின் விளிம்பு பெர்பெத்துவின் கருவாட்டின்மேல் புரண்டுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அவள் கேட்டாள். ஊரின் பாவம் முழுவதும் அவள் தலைக்கு மேலாகத்தான் சுவருக்குப் போயிற்று. நான்தானே பெர்பெத்து, என்னிடம் யாராவது கேட்பார்களா என்று நாள்தோறும் காத்திருந்தாள். ஒருவன் சுவரைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, மூக்கைச் சிந்தி, துடைத்துக்கொண்டு, குனிந்து அவளிடம், "காட்டினவளே, நெத்திலி எப்படி?" என்று கேட்டான். அவள் விலையைச் சொன்னாள்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் சேசடியான், கடலுக்குப் போக முடியாத காலோடு, லூர்தும் போன வருசம் காலமாகிவிட்டபின், கம்பை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். இன்னொருவர் அவருடைய மச்சான், ஊர்க்கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

ஆவணி பிறந்ததும் சொவத்துப் பெர்பெத்து நடக்க ஆரம்பித்தாள். நடப்பதைப் பார்க்க முடியாது, நடந்திருப்பதைத்தான் பார்க்கலாம். கடிகாரத்தின் சின்ன முள்போல அவள் சுவரில் தெற்கே, காளவாய்க்கு நேர் எதிர்த்திசையில் நகர்ந்தாள். வலையை உலர்த்துகிறவர்களையும் மீனைத் தரம் பிரிக்கிறவர்களையும் உரசாமல் கடந்து ஓரத்தை நோக்கிப் போனாள். ஊர் அதற்கும் பழகியது. மல்லிகையை எங்கே ஒட்டுவது என்று காலையில் தேட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவள் நகர்ந்த இடம் வெறுமையாக இல்லை.

அவளுடைய முகமும் தோளும் கூடையும் இத்தனை காலம் மறைத்திருந்த இடத்தில் ஒரு பூவரச மரம் இருந்தது. மரத்தடியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரன். இன்னொருவன் அவன் காதோடு வாயை வைத்து, வடக்கே கையை நீட்டி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் ஆளில்லாத கூடத்தில் நின்று, திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஆரல் ஜன்னல் வழியாகக் கண்டு எழுதிய காட்சி. கண்டது இன்னதென்று அவருக்குத் தெரியாது. இரண்டு ஆண்கள் மரத்தடியில் குசுகுசுப்பதில் அழகில்லை என்று மறுநாள் தோன்றியிருக்க வேண்டும், அதன் மேலேயே பெர்பெத்துவை எழுதிவிட்டார். தன்மேல் பழி விழுந்த காரியத்தை உண்மையில் செய்தவனைத் தன் உடம்பாலேயே அவள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விழாவில் இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி, சொன்னவனை வெளியே தெரியாமல் காக்கக் கேட்டது.

குசுகுசுத்தவனின் இடது காதுமடல் கிழிந்திருந்தது. சின்ன வயதில் தூண்டில் முள் மாட்டிக் கிழிந்த காதுமடல் தோமாந்துறையில் ஒன்றுதான் உண்டு.

அன்று ஏலத்தில் யாரும் சத்தம் போடவில்லை. மீன்கள் ஏறக்குறைய சைகையிலேயே விலைபோயின. எல்லோரும் ஒரு தரம் சுவரைப் பார்த்தார்கள், ஒரு தரம் பெர்பெத்துவைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அவள் முதுகை நிமிர்த்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குக் கேட்பார்கள். யாராவது ஒருத்தர் வந்து, பெர்பெத்து, தப்பாச் சொல்லிட்டோம் தாயி என்பார்கள். வெயில் தாழ்ந்தது. கூடத்தைக் கழுவிவிட்டார்கள். கழுவிய தண்ணீர் அவள் சாக்கை நனைத்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை பூவரச மரத்தின் மேல் ஒரு பெரிய கரும்பலகை தொங்கியது. 'இன்றைய மீன் விலை' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. ஏலக்கூடத்துக்கு விலைப்பலகை எவ்வளவு அவசியம் என்று ஊர் வியந்துகொண்டது. விலையை வாயால் கூவி, கூவும்போதே மாற்றி விற்கிற இடத்தில் பலகையில் எதை எழுதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் ஒருநாளும் ஒரு விலையும் எழுதப்படவில்லை.

தஸ்நேவிஸ் நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, காதை மறைக்கிறாற்போல வளர்த்து வாரிய நரைமுடி. "பெர்பெத்து, ஒனக்கு வெயில் அடிக்காத எடமாப் பாத்துத் தரச் சொல்லியிருக்கேன். வாசப் பக்கம். யாவாரம் நல்லா ஓடும்."

"எனக்கு இந்த எடமே போதும்."

"பழசக் கௌறாத தாயி. ஊருன்னா ஒரு ஒத்துமை வேணும்லா."

"நானா கௌறுனேன்? சொவருல்லா கௌறுது. அதுட்டப் போயிச் சொல்லும்."

அவர் சுவரைப் பார்க்காமலே பேசினார். "அப்ப எனக்கு இருவத்திமூணு வயசு. கிட்டங்கி கேசுல என் பேரும் இருந்துச்சி. அடிச்சா தாங்க மாட்டேன் பெர்பெத்து. நான் அப்படி ஒடம்புக்காரன்."

"நான் தாங்குவேன்னு எப்படித் தெரியும் ஒமக்கு?"

அவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் வழுக்காமல் நடந்துபோனார். அவரைப் பற்றி பெர்பெத்துவுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பயந்தவன் ஒருவன் பயத்தில் செய்தான். ஊரைப் பற்றியும் அவ்வளவாகத் தோன்றவில்லை. பலகை மாட்டுகிற ஊர் பலகைதான் மாட்டும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒருவர் வந்து பலகையைத் தூக்கி, அதன் பின்னால் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன? வாசித்து நின்றுபோன இரண்டு ஓலைக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் வரும்.

பூசை முடிந்து கோயிலைவிட்டு இறங்கிய சேசடியானை அவள் படிக்கட்டில் மறித்தாள். அத்தனை காலத்தில் அவர் முன்னால் நின்றது அதுதான் முதல்தடவை.

"கூடத்துக்கு ஒரு எட்டு வாரும்."

அவர் மறுக்கவில்லை. அதுவே அவளுக்கு விசேஷமாகப் பட்டது. கம்பு ஊன்றும் சத்தத்துக்கு ஏற்றபடி நடையைக் குறைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஏலம் முடிந்து கூடம் காலியாக இருந்தது. உச்சிவெயில் ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்திருந்தது. தெற்கு மூலையில், ஆரல் தன் கையெழுத்தைப் போட்டிருந்த இடத்தை ஒட்டி, சொவத்துப் பெர்பெத்து ஒரு காலை ஓரத்துக்கு வெளியே எடுத்துவைத்து நின்றாள்.

"அந்தப் பலகையைத் தூக்கிப் பாரும்."

சேசடியான் பலகையைப் பார்த்தார். தூக்கவில்லை.

"கை எட்டலியா? நான் தூக்கட்டுமா?"

"வேண்டாம் பெர்பெத்து."

"அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு ஒமக்குத் தெரியாது. ஊரு பாத்திருச்சி. நீரு ஒரு ஆளுதான் பாக்கல. பூவரசு நிக்கி, அதுக்குக் கீழ…"

"எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"போலீஸ்ல வச்சே தெரியும்," என்றார் சேசடியான். "அடிக்கும்போது அவனுவளே சொன்னானுவ. ஓங்கூட்டாளிதாம்ல கைகாட்டினான்னு சொல்லிச் சிரிச்சானுவ."

ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் மீன் குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பெர்பெத்து அந்தச் சண்டையை முடிகிறவரைக்கும் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கே தெரியும்."

"வெளிய வந்தப்ப காலு போயிருச்சி. கடலுக்குப் போக முடியாது. தஸ்நேவிஸ் வந்து காலப் புடிச்சி அழுதான். தங்கச்சியத் தாறேன், கடல்ல ஓடுற வல்லத்தத் தாறேன், வெளிய மட்டும் சொல்லிராத மச்சான்னான். ஊருலயும் ஏற்கனவே பழிய ஒம்பேருல முடிச்சிட்டாவ. முடிஞ்சத மாத்திச் சொன்னா ஊரு ரெண்டா வெட்டிக்கிட்டுச் செத்திருக்கும். யாராவது ஒருத்தரு விட்டுக்குடுக்கணும்லா? நான் விட்டுக்குடுத்தேன்."

விட்டுக்கொடுத்தல் நல்ல சொல். கல்யாணப் பூசைகளில் பங்குச் சாமியார் அதைச் சொல்லாமல் பிரசங்கத்தை முடிப்பதில்லை. தமிழில் அதற்கு இரண்டு பொருள் இருப்பதைப் பிரசங்கங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை: தனக்கு உள்ளதை மற்றவருக்காக விடுவதும் விட்டுக்கொடுத்தல்தான், தன்னை நம்பி நிற்பவரை மற்றவர் முன்னால் கைவிடுவதும் விட்டுக்கொடுத்தல்தான். அகராதி படித்திராத பெர்பெத்து அந்த இரண்டாவது பொருளைச் சட்டென்று எட்டிப் பிடித்தாள்.

"ஆமா," என்றாள். "அவன் காட்டிக்குடுத்தான், நீரு விட்டுக்குடுத்தீரு. ஒம்ம சொத்தையா வே குடுத்தீரு? என்னையில்லா குடுத்தீரு."

அவள் சாக்கை உதறி மடித்தாள், மிச்சக் கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டாள், பலகையின் பக்கம் திரும்பாமல் நடந்து வெளியே போனாள். அவர் அந்த இடத்திலேயே நின்றிருந்தார். கூடம் கழுவ வந்தவர்கள் அவரைச் சுற்றிக் கழுவிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் சுவரில் பெர்பெத்து இல்லை. ஆரலின் கையெழுத்தைத் தாண்டி அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. அடுத்த சுவரில் தேடினார்கள், கூடத்துக்கு வெளியே மணலில் காலடி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஆனால் போகும்போது அவள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். சுவரின் ஓரத்தில், எழுதிய மணலின் மேல், அந்தக் கூடை இருந்தது. பனையோலைத் தட்டு சற்றே விலகியிருந்தது. இடைவெளியில் வெள்ளைச் சோறு தெரிந்தது, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, கூடம் முழுவதும் மாங்காய் போட்ட சாளைக் குழம்பு மணத்தது.

ஊர் அதற்கும் பழகிற்று. பசியில்லாத பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்த மூலையில் கொஞ்சநேரம் நிறுத்தினால் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். கை வைத்து அழுக்காக்காமலிருக்கக் கமிட்டி கயிறு கட்டியது. கயிற்றைக் கட்ட வந்த தஸ்நேவிஸ், சுவருக்குள் சோறு வடித்த ஊர் உலகத்திலேயே நம்முடையதுதான் என்று பேசினார், கைதட்டினார்கள். பலகை அதன் இடத்திலேயே தொங்கியது. அதன் பின்னால் இருப்பது தஸ்நேவிஸைப் போல இருக்கிறதே தவிர தஸ்நேவிஸ் இல்லை என்று முதலில் ஒருவர் சொன்னார். கொஞ்ச காலத்தில் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. சுவரில் ஆள் இல்லாததால் கீழே இருந்தவளைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் தீர்ந்தது. 'காட்டினவ' என்ற பெயர், யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளாமலே, உபயோகமில்லாமல் உதிர்ந்தது. அவளைப் பெர்பெத்தக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்குள் அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

சேசடியான் தினமும் உச்சிவேளைக்கு வந்தார். லூர்து போனபின் அவருடைய வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிவதில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கம்பை ஊன்றி நின்று, தனக்காகச் சமைத்து, தனக்காகச் சுமந்து, இன்னும் ஆறாமலிருக்கும் அந்தச் சோற்றின் மணத்தை முகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய வயிறு சத்தம் போடுவது பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டது. ஒருநாள் அவர் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டித் தொட்டார். சுண்ணாம்பு சில்லென்று இருந்தது.

அன்று அவர் மெதுவாகத் திரும்பி, சுவரோரமாகக் கம்பை ஊன்றி நடந்து, பெர்பெத்துவின் சாக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"பெர்பெத்து," என்றார்.

சுவரில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். இவள் திருப்பவில்லை. நிமிர்ந்து, மற்ற எல்லா ஆட்களையும் பார்ப்பதுபோலவே, நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"சாளையா, நெத்திலியா?" என்று கேட்டாள். அவளே சாளையைத் தராசில் அள்ளிப் போட்டு, அதன் முள் நிலைக்கும்வரை பொறுத்து, விலையைச் சொன்னாள்.